பாரீஸில் பேரப்பிள்ளைகள்... குளிர்காலத்தில் எப்போது விமானம் ஏறலாம்?

தலத்தெருவில் இரவு மணி பத்து. கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. அம்மா போனைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு மகளுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறார். மகளுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் கன்னங்கரேலென்று இருக்கிறது.

"அங்கே அஞ்சரைதானே ஆவுது? அதுக்குள்ளயா இருட்டிடுச்சு?"

"ஆமாம்மா. இன்னும் சீக்கிரமே இருட்டும்."

"சரி... நாங்க எப்பதான் வர்றது? குளிர் கம்மியா இருக்கற மாசமாப் பார்த்துச் சொல்லு."

காரைக்கால் நகரை ஒட்டிய தலத்தெருவில் மட்டுமல்ல, காரைக்கால் வட்டாரம் முழுக்கவே இந்தப் பேச்சு கேட்காத ஆண்டு கிடையாது. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் போன ஊர் இது. 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது; 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே தொடர்ந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற 'சொல்தா' தாத்தாக்கள், அவர்கள் வழி வந்த பிள்ளைகள், கல்யாணம் கட்டிப் போன பெண்கள் என்று பாரீஸ் புறநகர்களில் காரைக்கால் பெரிய குடும்பமாகவே வளர்ந்துவிட்டது. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஐரோப்பா சுற்றுலா. இந்த ஊர்க்காரர்களில் பலருக்கு அது பிள்ளை வீடு.

அதனால்தான் 'எந்த மாதம் குளிர் குறைவு' என்ற கேள்வியில் இருந்து தொடங்கினால் கணக்கு தப்பிப்போகிறது.

குளிர் அல்ல, இருட்டு

பாரீஸில் நவம்பர் மாதப் பகல் வெப்பம் சராசரியாக 11, 12 டிகிரி. டிசம்பரில் 8 டிகிரி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சினிமாவில் வருவதுபோல தெருவெல்லாம் பனி கொட்டிக் கிடப்பதும் அங்கே அபூர்வம்தான். ஈரக் காற்று, தூறல், கால் வழுக்கும் நனைந்த இலைகள், இவைதான் அந்த ஊர்க் குளிர்காலம். நல்ல கோட்டு, காதை மூடும் குல்லா, தண்ணீர் புகாத ஷூ மூன்றும் இருந்தால் எழுபது வயதுக்காரர்கூட வெளியே போய்வரலாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் வெளிச்சம். காரைக்காலில் டிசம்பர் மாதக் குறுகிய பகல்கூட சுமார் பதினொன்றரை மணி நேரம். பாரீஸில் டிசம்பர் 21-ம் தேதி எட்டே கால் மணி நேரம்தான். காலை 8.40-க்கு மேல் சூரியன் எழுந்து, மாலை ஐந்துக்கு முன்பே இறங்கிவிடும். அதுவும் மேகத்துக்குள்ளேயே. நவம்பர் 10 வாக்கில் போனால் காலை எட்டு மணிக்கு விடிந்திருக்கும். மாலை ஐந்தே கால் வரை வெளிச்சம் உண்டு. ஒரு மாதத்தில் ஒரு மணி நேரம் கரைந்துபோகிறது.

மகளும் மருமகனும் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தே பழகிய ஒருவர், நாலாவது மாடி வீட்டில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் எந்நேரமும் கதகதப்பாக இருக்கும் என்ற நினைப்பும் பாதிதான் சரி. வீடுகளைச் சராசரியாக 19 டிகிரிக்கு மேல் சூடேற்றக் கூடாது என்று பிரான்ஸ் விதியே வைத்திருக்கிறது. அவர்களுக்கு அது இதம். காரைக்கால்காரர்களுக்கு அது மார்கழி விடியலைவிடக் குளிர். 'வந்த பத்தாம் நாளே ஊருக்குப் போகணும்னு அம்மா அழறாங்க' என்று பிள்ளைகள் புலம்புவதற்குக் குளிரைவிட இந்தத் தனிமைதான் காரணம்.

ஆகவே மகளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "நீங்க எப்போ வீட்ல இருப்பீங்க?"

பிரான்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஐந்து வாரம் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. பெரும்பாலானவர்கள் அதில் பெரும்பகுதியை ஆகஸ்டிலேயே தீர்த்துவிடுவார்கள். பள்ளிகளுக்கு அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் முதல் நாட்கள் வரை இரண்டு வாரம், பிறகு கிறிஸ்துமஸுக்கு முன்னே தொடங்கி ஜனவரி முதல் நாட்கள் வரை இரண்டு வாரம் விடுமுறை. இடைப்பட்ட ஆறேழு வாரங்களில் நவம்பர் 11 ஒரு நாள்தான் அரசு விடுமுறை. புதன்கிழமை அரைநாளோ முழுநாளோ பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்பது ஒரு ஆறுதல்.

ஊர் பார்க்க ஒரு காலம், உறவு பார்க்க ஒரு காலம்

முன்குளிர்காலப் பயணத்துக்கு இரண்டு நல்ல வாய்ப்புகள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல, எதற்காகப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஊர் சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் நவம்பர் இரண்டாம் வாரத்தில் இருந்து டிசம்பர் பத்து வரை. பள்ளி விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும், கிறிஸ்துமஸ் கூட்டம் வந்திருக்காது. விமானக் கட்டணமும் ஓட்டல் வாடகையும் இறங்கியிருக்கும். வெர்சாய் அரண்மனைக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறும் அனுமதி இலவசம். நவம்பர் கடைசி வாரத்துக்குள் ஷான்ஸ்-எலிசே சாலையில் விளக்கு அலங்காரம் ஏற்றிவிடுவார்கள். 1570-ல் இருந்து நடக்கும் ஸ்ட்ராஸ்பர்க் கிறிஸ்துமஸ் சந்தையும் அந்த நாட்களில்தான் தொடங்குகிறது. டிசம்பர் 24 வந்தால் சந்தை முடிந்தது. கிறிஸ்துமஸ் பார்க்கலாம் என்று 25-ம் தேதி போய் இறங்குகிறவர்களுக்குப் பூட்டிய கடைகளும், மூடிய லூவர் அருங்காட்சியகமும்தான் கிடைக்கும்.

இந்த இடைவெளியில் வருகிற ஒரு திருவிழாவை மட்டும் தவறவிடாமல் இருப்பது நல்லது. லியோன் நகரத்தில் டிசம்பர் 8-ஐ ஒட்டி நாலு நாள் விளக்குத் திருவிழா. 1852-ல் மலைமேல் இருக்கும் மாதா சிலையைச் செப்டம்பரில் திறந்து வைப்பதாக இருந்தது. சோன் ஆற்றில் வெள்ளம் வந்து தேதி டிசம்பர் 8-க்குத் தள்ளிப்போனது. அன்றைக்கும் மழை மிரட்டியது. ஏற்பாட்டாளர்கள் கைவிடப் பார்த்த நேரத்தில், மக்கள் தாங்களாகவே ஜன்னல்தோறும் விளக்கேற்றி வைத்துவிட்டார்கள். இன்றும் அந்த ஊர் வீடுகளின் ஜன்னலில் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் சுடர் எரியும். திருக்கார்த்திகைக்கு வாசலில் அகல் வைத்துப் பழகியவர்களுக்கு அந்தத் தெருக்கள் அந்நியமாகத் தெரியாது.

ஆனால் லூர்து போக நினைப்பவர்கள் நவம்பர், டிசம்பரைத் தவிர்ப்பது நல்லது. வேளாங்கண்ணி பக்கத்திலேயே இருக்கும் காரைக்கால் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு லூர்து வாழ்நாள் ஆசை. தினசரி மெழுகுவர்த்திப் பவனி நடக்கும் பருவம் அக்டோபரோடு முடிந்துவிடும். ஓட்டல்களிலும் பெரும்பாலானவை குளிர்காலத்துக்கு மூடிவிடும். அவ்வளவு தூரம் போய் வெறிச்சோடிய தெருவைப் பார்த்துத் திரும்ப வேண்டாம். பாரீஸில் இருப்பவர்களுக்கு, 2019 தீவிபத்துக்குப் பிறகு சீரமைத்து 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ருதாம் பேராலயம் இருக்கிறது.

வெனிஸும் நவம்பரில் யோசிக்க வேண்டிய ஊர். 2019 நவம்பர் 12-ம் தேதி இரவு அங்கே கடல் 187 சென்டிமீட்டர் உயர்ந்து ஊருக்குள் புகுந்தது. இப்போது தடுப்பு மதகுகள் போட்டிருக்கிறார்கள் என்றாலும், ஊரில் ஐப்பசி மழைக்குப் பயந்து கிளம்பியவர்கள் அங்கே போயும் முழங்கால் தண்ணீரில் நிற்பானேன்? வெளிச்சமும் வெயிலும் வேண்டும் என்றால் தெற்கே இறங்க வேண்டும். லிஸ்பனிலும் செவில்லாவிலும் டிசம்பரிலும் ஒன்பதரை மணி நேரப் பகல், 15 டிகிரிக்குக் குறையாத மதியம். லிஸ்பனில் மட்டும் குடை கையில் இருக்கட்டும்.

இனி இரண்டாவது வாய்ப்பு. பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் டிசம்பர் 5 முதல் 10 தேதிக்குள் கிளம்பி, ஜனவரி 9 முதல் 12 தேதிக்குள் திரும்புவதுதான் காரைக்கால்காரர்களுக்குத் தோதானது. டிசம்பர் பதினைந்துக்கு மேல் எகிறும் கட்டணத்துக்கு முன்பே போய்விடலாம். புத்தாண்டு முடிந்து எல்லாரும் முண்டியடிக்கும் முதல் வாரத்துக்குப் பிறகு திரும்பலாம். முதல் பத்து நாள் தனிமையும் இருட்டும் இருக்கும். அதற்குள் நேர மாற்றமும் குளிரும் உடம்புக்குப் பழகிவிடும். பிறகு இரண்டு வாரம் வீடு நிறையப் பிள்ளைகள். பொங்கலுக்கு ஊரில் இருக்கலாம். சம்பா அறுவடைக்கும் ஆள் இருக்கும்.

பள்ளி செல்லும் பிள்ளைகளை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போகிற குடும்பங்கள் மட்டும் டிசம்பரை மறந்துவிடலாம். அரையாண்டு விடுமுறை பத்து நாளுக்கு, உச்சக் கட்டணம் கட்டி, எட்டு மணி நேரப் பகலைப் பார்க்கப் போவது வீண் செலவு. மே மாதம் இருக்கிறது.

ஊரில் மழை, வயலில் சம்பா

ஐரோப்பாக் காலண்டரை மட்டும் பார்த்து டிக்கெட் போடுகிறவர்கள் மறப்பது சொந்த ஊர்க் காலண்டரை. டெல்டாக் கடற்கரைக்கு நவம்பர்தான் பெருமழை மாதம். வயல் வைத்திருப்பவர்களுக்குப் பயிர் நீரில் நிற்கிறதா, வடிகிறதா என்று பார்க்க வேண்டிய காலம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த அந்த வாரத்தில் வெளிநாட்டில் இருந்தவர்கள், ஓடு பறந்ததா, மரம் சாய்ந்ததா என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்ததை இன்னும் சொல்கிறார்கள். டிசம்பரில் கிளம்புவது அந்தக் கவலையைப் பாதியாக்கும். முழுதாகத் தீர்க்காது.

ஏனென்றால் விமானம் ஏறுவது சென்னையில். 2015 டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளத்தால் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா. 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். ஒவ்வொரு முறையும் ஓடுபாதை மூடப்பட்டது. தேதிகளைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதற்காகப் பயணத்தையே விட வேண்டியதில்லை. கொஞ்சம் இடம் விட்டுத் திட்டமிட வேண்டும். காரைக்காலில் இருந்து சுமார் 300 கிலோமீட்டர் இருக்கிற சென்னைக்கு அன்றைக்குக் காலையில் காரில் கிளம்பி இரவு விமானத்தைப் பிடிக்கும் வழக்கத்தை இந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் விட்டுவிட்டு, இரண்டு நாள் முன்னே போய் உறவினர் வீட்டில் தங்கலாம். சென்னை முதல் பாரீஸ் வரை ஒரே டிக்கெட்டாக எடுப்பது முக்கியம். துபாய்க்கு ஒன்று, அங்கிருந்து வேறு கம்பெனியில் ஒன்று என்று மலிவாகச் சேர்த்து வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பேற்க யாரும் இல்லை. சென்னை வேண்டாம் என்பவர்களுக்குத் திருச்சியும் பக்கம்தான்.

அங்கேயும் இடைஞ்சல் இல்லாமல் இல்லை. 2019 டிசம்பர் 5-ல் ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்துத் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் பாரீஸ் மெட்ரோவும் ரயில்களும் வாரக்கணக்கில் முடங்கின. காரைக்கால் பென்ஷன்காரர்கள் அந்தச் செய்தியை மற்ற யாரையும்விட அக்கறையாகப் பார்த்திருப்பார்கள்.

ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டிய வேலை

பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா கவலை இல்லை. மற்றவர்களுக்கு ஷெங்கன் விசா. டிசம்பர் 7-ல் பறக்க வேண்டும் என்றால் வேலை ஆகஸ்டில் தொடங்க வேண்டும். அதுவும் இங்கே அல்ல, அங்கே. பெற்றோர் தன் வீட்டில்தான் தங்குவார்கள் என்று மகளோ மகனோ தங்கள் ஊர் 'மேரி'யில் விண்ணப்பித்துச் சான்று வாங்க வேண்டும். புதுச்சேரிப் பக்கம் மேரி என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம், நகராட்சி. அதற்கு 30 யூரோ கட்டணம். வீட்டின் அளவு, வருமானம் எல்லாம் பார்ப்பார்கள். ஒரு மாதம்கூட ஆகலாம். அசல் சான்று கூரியரில் ஊருக்கு வந்து சேர வேண்டும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது.

அதன்பிறகுதான் விண்ணப்பம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறையக் கூடாது. முடிவுக்குப் பொதுவாகப் பதினைந்து நாள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. சென்னை போகாமல் புதுச்சேரி மையத்திலேயே கொடுக்கலாம். கைரேகை கொடுத்து 59 மாதம் ஆகாதவர்கள் பழைய விவரத்தைக் குறிப்பிட்டால் போதும். செப்டம்பர் முடிவதற்குள் விண்ணப்பம் உள்ளே போய்விட்டால் தீபாவளி நெருக்கடியில் அலைய வேண்டியிருக்காது. விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காமல் இருப்பது நல்லது.

இந்த ஒரு விசாவில் 29 நாடுகளுக்குப் போகலாம். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். லண்டன் அதில் கிடையாது. சின்ன மருமகள் லண்டனில் இருக்கிறாள், ரயிலில் ரெண்டரை மணி நேரம்தானே என்று கிளம்ப முடியாது. அதற்குத் தனி விசா. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு வரிசை கொஞ்சம் நீளும். சர்க்கரை நோயாளிகள் பிஸ்கட்டைக் கையில் வைத்திருக்கட்டும்.

காப்பீடுதான் பெரியவர்கள் விஷயத்தில் ஏமாந்துபோகும் இடம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இருந்தால்தான் விசா. அதற்காக இருப்பதிலேயே மலிவானதை வாங்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோயால் வரும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் பொடி எழுத்தில் இருக்கும். எழுபது வயதில் ஆஸ்பத்திரிக்குப் போவது வேறு எதற்காகவாம்? கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, பழைய நோய்க்கும் பொறுப்பேற்கும் பாலிசியாகக் கேட்டு வாங்க வேண்டும். மருந்துகளும் இன்சுலினும் கைப்பையில், டாக்டர் சீட்டோடு.

பெட்டியில் என்ன போகலாம் என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. நெய், பால், இறைச்சி வகைகளை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விட மாட்டார்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்கும் தாவரச் சான்று கேட்பார்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தடையில்லை. கருவாட்டுக்கும் இல்லை, சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை மீன் பொருள் கொண்டுபோகலாம் என்கிறது விதி. பக்கத்து இருக்கைக்காரர் பாவம் என்பதால் நாலு அடுக்காவது கட்ட வேண்டும். மற்றபடி பாரீஸ் லா ஷப்பேல் கடைகளில் இலங்கைத் தமிழர்கள் வாழை இலையில் இருந்து வடகம் வரை வைத்திருக்கிறார்கள். அங்கேயே பக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயமும் இருக்கிறது. சிவலோகநாதரை நினைத்து ஏங்கும் வெள்ளிக்கிழமைகளில் மகள் கூட்டிப்போக ஓர் இடம் ஆயிற்று. மூட்டுவலிக்காரர்கள் பஸ்ஸில் போகட்டும். பாரீஸ் மெட்ரோவின் பழைய நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டுதான், லிப்ட் கிடையாது.

தலத்தெரு வீட்டில் போன் இன்னும் வைக்கப்படவில்லை. பேத்தி வந்துவிட்டாள். பள்ளிக் காலண்டரைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, டிசம்பர் மாதத்தில் சிவப்புக் கட்டம் போட்ட இரண்டு வாரத்தைக் காட்டுகிறாள். அம்மா கண்ணாடியைத் தேடுகிறார். அப்பா, பம்ப் செட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.